மூன்று மணி முழிப்பு

நேயர்களுக்கு வணக்கம். மனநல மருத்துவன் என்ற முறையில் நான் பார்க்கும் இளைஞர்களில் பலர் ஒரே நேரத்தைச் சொல்கிறார்கள்: விடியற்காலை மூன்று மணி.

அண்மையில் வந்த பையனுக்கு வயது 24. நான்கு வருடக் காதல் முறிந்திருந்தது. "மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது டாக்டர். நெஞ்சு படபடன்னு அடிக்குது. அவ ஞாபகம்தான்" என்றான். உடனே போனை எடுத்துப் பக்கம் பக்கமாக மெசேஜ் அனுப்புவானாம். காலையில் படித்தால் அவனுக்கே கூசுமாம். அந்தப் பெண் நம்பரை பிளாக் செய்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குடிப்பழக்கம் உண்டா என்றேன். "அளவாத்தான் டாக்டர். தூங்குறதுக்கு ஒரு குவார்ட்டர்." இந்த 'அளவாக' என்ற சொல்லுக்கு மட்டும் அளவே கிடையாது.

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பிராந்தியோ விஸ்கியோ, அதில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கும். கல்லீரலால் மணிக்கு ஏழெட்டு கிராம், மிஞ்சினால் பத்து கிராம்தான் எரிக்க முடியும். குடி மூளையை அமுக்குகிறது; மூளை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. பத்து மணிக்குக் குடித்தது மூன்று மணிக்குள் பெரும்பாலும் இறங்கிவிட, கூட்டிய வேகம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. தூக்கம் கலைகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பிரிவின் வலி பொய்யில்லை. ஆனால் அவனை எழுப்பியது அவள் இல்லை, குவார்ட்டர்.

"மச்சி, ஒண்ணு அடிச்சுட்டுப் படு" என்று வாங்கிக்கொடுத்த நண்பனையும் வரச் சொன்னேன். நல்ல பையன். பக்கத்தில் உட்கார அவனுக்கு வேறு சாக்கு தெரியவில்லை, அவ்வளவுதான். நடுவில் பாட்டில் இல்லாமல் இரண்டு ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து அழ நம் ஊரில் எங்கே இடம் இருக்கிறது?

ஒன்று சொல்லிவிடுகிறேன். பல மாதமாகத் தினமும் நிறையக் குடிப்பவர்கள் சட்டென்று தாங்களாகவே நிறுத்த வேண்டாம், வலிப்பு வரலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். இரவில் மனசு தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அந்தப் பையன் மறுபடி வந்தான். இப்போதெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு நண்பன் பைக்கில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பால்கடைக்குப் போகிறானாம். முழிப்பு எப்படி என்றேன்.

"வாரத்துல ரெண்டு நாள் வருது டாக்டர். போனை அம்மாகிட்ட குடுத்துட்டுத்தான் படுக்கிறேன்."