பிரேக் பெடல் இறுகிப்போச்சா? ஸ்பேனரை எடுக்காதீங்க, முதல்ல காலால பாருங்க

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் வச்சிருக்கவங்க நிறைய பேர் கேக்குற விஷயம் இது. பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆயிடுச்சு, ஏறி நின்னு மிதிச்சாதான் வண்டி நிக்குதும்பாங்க. உடனே பக்கத்துல ஒருத்தர், "ஏர் புடிச்சிருக்கும், ஏர் எடுத்துடு"ம்பார். அதக் கேட்டு நாலு வீல்லயும் ஏர் வெளியேத்துற திருகான நிப்பிளை கழட்டி ஒரு பாட்டில் பிரேக் ஆயிலை காலி பண்ணுவாங்க, பெடல் அப்படியேதான் இருக்கும். லைன்ல ஏர் இருந்தா பெடல் கொழகொழன்னு உள்ள போகுமே தவிர இறுகாதுங்க. அது வேற நோய், இது வேற நோய்.

பெடல் இறுகுதுன்னா பெரும்பாலும் உங்க காலுக்குக் கிடைக்கவேண்டிய ஒத்தாசை கிடைக்கலைன்னு அர்த்தம். பானட்டைத் திறந்தா மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதிச்சதும் பிரேக் ஆயிலை வீலுக்குத் தள்ளுற பாகம்) பின்னாடி கறுப்பா, வட்டமா ஒரு தகர டப்பா இருக்கும் பாருங்க, அதான் பூஸ்டர். உள்ள ஒரு ரப்பர் டயாஃப்ரம் அதை ரெண்டு அறையா பிரிக்குது, இன்ஜின் ஓடும்போது ரெண்டு பக்கமும் வேக்குவம், அதாவது காத்தை உறிஞ்சி எடுத்த நிலை, நீங்க பெடலை மிதிச்சதும் பின் அறைக்குள்ள வெளிக்காத்து புகுந்து டயாஃப்ரத்தை முன்னாடி தள்ளும். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயாஃப்ரம்னா கணக்குப்படி 300 கிலோவுக்கு மேல தள்ளுற பலம் அது. அது இல்லன்னா மொத்த வேலையும் உங்க கால் தலையிலதான்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? வண்டியை சமதரையில நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பெடலை ஒரு நாலஞ்சு தடவை மிதிங்க, மிச்சமிருக்க வேக்குவம் எல்லாம் தீந்து பெடல் இறுகும். இப்ப காலை எடுக்காம, அழுத்தினபடியே ஸ்டார்ட் பண்ணுங்க. இன்ஜின் புடிச்சதும் பெடல் லேசா கீழ இறங்கணும். இறங்குச்சுன்னா பூஸ்டர் வேலை செய்யுது. அசையவே இல்லன்னா ஒண்ணு வேக்குவம் வந்து சேரல, இல்ல பூஸ்டரே போச்சு.

அடுத்தது, இன்ஜினை ஒரு ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணி, கொஞ்சம் பொறுத்து மிதிச்சுப் பாருங்க. முதல் ஒண்ணு ரெண்டு மிதி மெத்துன்னு போய் அப்புறம்தான் இறுகணும். முதல் மிதியே இறுக்கமா இருந்தா வேக்குவம் எங்கயோ கசியுது. என் அனுபவத்துல முதல்ல சந்தேகப்பட வேண்டியது பூஸ்டருக்கு வேக்குவம் கொண்டுவர்ற ஹோஸ்ல இருக்க செக் வால்வையும் அது உக்காந்திருக்க ரப்பர் வளையத்தையும்தான். கழட்டி வாயால ஊதிப் பாருங்க, ஒரு பக்கம்தான் காத்து போகணும், ரெண்டு பக்கமும் போனா தூக்கிப் போட்டுடுங்க.

பெடலை அழுத்திப் பிடிச்சிருக்க நேரம் பூரா டேஷ்போர்டுக்கு அடியில உஸ்ஸுன்னு சத்தம் வந்துட்டே இருக்கு, கூடவே ஐடிலும் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதப்ப இன்ஜின் ஓடுற வேகம்) ஆடுதுன்னா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்குன்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணிடலாம்.

பூஸ்டரை மாத்துறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு இன்னொண்ணு பண்ணுங்க. ஐடில்ல ஓடும்போது பூஸ்டர் பக்கம் ஹோஸை உருவி, ஹோஸோட வாயைக் கட்டைவிரலால அடைங்க. உருவினதும் இன்ஜின் தள்ளாடும், அடைச்சதும் நிதானத்துக்கு வரும், விரலைச் சப்புன்னு இழுத்துப் பிடிக்கணும். இழுப்பு பலமா இருந்தும் பெடல் இறுக்கம்னா குத்தம் பூஸ்டர் மேல. இழுப்பே வீக்குன்னா ஹோஸைப் பாருங்க, ஆயில் பட்டு ஊறிப்போன ஹோஸ் வெளிய நல்லாத்தான் தெரியும், உள்ள ஒட்டிக்கும், சில பேர் கைக்குக் கிடைச்ச பெட்ரோல் ஹோஸை மாட்டி வச்சிருப்பாங்க, அது வேக்குவத்துக்குத் தாங்காம சப்பிப்போயிடும். ஹோஸ் நல்லாருக்குன்னா வேக்குவம் கேஜ் மாட்டுங்க. பெட்ரோல் இன்ஜின்ல ஐடில்ல 17-லேர்ந்து 21 இன்ச் (பாதரச அளவுல) வரைக்கும் காட்டணும், மலை மேல இருக்கவங்களுக்குக் கொஞ்சம் குறையும். ரொம்பக் குறைஞ்சா டைமிங், வால்வு, கேஸ்கட் லீக்குன்னு இன்ஜின் பக்கம் போகணும், பிரேக்கைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. டீசல் வண்டின்னா கதையே வேற, அதுக்கு வேக்குவம் பம்ப்னு தனியா ஒண்ணு இருக்கும், சில வண்டிகள்ல ஆல்டர்னேட்டர் முதுகுலயே இருக்கும், அதைத்தான் முதல்ல பாக்கணும்.

பிரேக் ஆயில் டப்பால லெவல் குறையுது, ஆனா வெளிய எங்கயும் ஈரம் இல்லயா? மாஸ்டர் சிலிண்டரோட பின் சீல் வழியா பூஸ்டருக்குள்ள இறங்கியிருக்கலாம். ரெண்டு நட்டைக் கழட்டி மாஸ்டரை முன்னாடி நகர்த்திப் பாருங்க, பின்னாடி நனைஞ்சிருந்தா அந்த சீலை சரிபண்ணாம புது பூஸ்டர் போடாதீங்க, அதுவும் கெட்டுடும்.

எல்லா டெஸ்டும் பாஸ், ஆனாலும் பெடல் இறுக்கம், பிரேக்கும் புடிக்கலன்னா வீல் பக்கம் போங்க. டிஸ்க் பிரேக்னா பேடை அழுத்துற காலிபர் பிஸ்டன் துருப்பிடிச்சு ஜாம் ஆகியிருக்கும், டிரம்னா வீல் சிலிண்டர், இல்ல பேட் கருகி கண்ணாடியா மின்னும். வீலைத் தூக்கி, பிரேக் மிதிச்சு விட்டுட்டு சுத்திப் பாருங்க. சுத்தலன்னா நிப்பிளைத் திறங்க. ஆயில் பீச்சி வீல் ஃப்ரீ ஆச்சுன்னா அந்த வீலுக்கு பிரேக் ஆயில் கொண்டுபோற ரப்பர் ஹோஸ் உள்ள வீங்கி அடைச்சிருக்க வாய்ப்பு அதிகம், அப்பவும் சுத்தலன்னா பிஸ்டனே மாட்டிக்கிச்சு. ஹோஸ் மாத்துறதா இருந்தா ரெண்டு பக்கமும் சேத்தே மாத்திடுங்க, ரெண்டுக்கும் ஒரே வயசுதானே.

இதெல்லாம் முடியிற வரைக்கும் வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீங்க. நன்றி, வணக்கம்.