இருந்தேன், இருக்கிறேன், இருப்பேன்

வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்வரிசைக்கு வந்துவிடுங்கள், நாற்காலி இருக்கிறது.

அர்ஜென்டினாவின் கால்பந்து வீரர் டியேகோ மரடோனாவைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். அவருடைய ஆட்டத்தைப் பற்றிப் பேச இங்கேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். என் வேலை, போதையில் சிக்கியவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவது. அதனால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் போட்ட கோல்கள் அல்ல, சொன்ன ஒரு வாக்கியம். 1996-இல், வெளிப்படையாக, தன் நாட்டு மக்கள் முன்னால் சொன்னார்: "நான் போதைக்கு அடிமையாக இருந்தேன், இருக்கிறேன், இருப்பேன்."

மூன்று காலத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எங்களிடம் வருகிற அம்மாக்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான். "சார், இனிமே தொட மாட்டான்ல?" அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் என்ன என்பதை, உலகமே கொண்டாடிய ஒரு மனிதர் தன் வாயால் சொன்னார். ஆனால் அதைச் சொல்லிவிட்டதால் அவர் பிழைத்துக்கொள்ளவில்லை. கோகெய்னை விட அதற்குப் பிறகும் எட்டு வருஷம் ஆயிற்று. அந்த எட்டு வருஷத்தையும் அதற்கு முந்தியதையும்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

புவனோஸ் அயர்ஸ் நகரத்தின் தெற்கே வில்லா ஃபியோரிட்டோ என்று ஒரு குடிசைப் பகுதி. வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது. அப்பாவுக்கு எலும்பு அரைக்கும் ஆலையில் வேலை. நான்கு பெண்களுக்குப் பிறகு பிறந்த முதல் ஆண் பிள்ளை டியேகோ, 1960 அக்டோபர் 30-இல். சின்ன வயதில் ஒரு நாள் இருட்டில் மலக்குழியில் விழுந்துவிட்டான். சிரிலோ என்ற உறவுக்காரர் ஓடிவந்து, "டியேகீட்டோ, தலையை மேலே வை, தலையை மேலே வை" என்று கத்திக்கொண்டே கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். இதை மரடோனாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் நெருக்கடி வந்தபோதெல்லாம் அந்தக் குரல்தான் தனக்குக் கேட்டது என்றார்.

குழியில் விழுந்த குழந்தையை அங்கே கூடியிருந்தவர்கள் யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். கையைத்தான் நீட்டியிருப்பார்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினாறு வயது முடிய பத்து நாள் இருக்கும்போது முதல் டிவிஷன் ஆட்டம். 1982-இல் ஸ்பெயினின் பார்சிலோனா அணி. கோகெய்னை முதன்முதலில் தொட்டது அங்கேதான் என்று அவரே சொன்னார். வீட்டை விட்டுத் தூரம், கூட்டாளிகள், இரவு விருந்துகள். முதலில் மஞ்சள் காமாலை, அடுத்த வருஷம் எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் மோதியதில் கணுக்கால் எலும்பு முறிவு. மாதக்கணக்கில் ஆட முடியாமல் கிடந்தார். ஓடிக்கொண்டே இருந்த உடம்பு சும்மா கிடப்பது எவ்வளவு ஆபத்து என்பதை எங்கள் மையத்தில் அடிக்கடி பார்க்கிறோம். விபத்தில் கால் ஒடிந்து வேலை போனவர்கள் பலர் அந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள்.

அப்புறம் இத்தாலியின் நேபிள்ஸ். 1984 ஜூலை 5-ஆம் தேதி, அவரைப் பார்ப்பதற்கென்றே சான் பாவ்லோ மைதானத்தில் எழுபதாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். அன்று ஆட்டம்கூடக் கிடையாது. மூன்று வருஷத்தில் அந்த ஊர் அணியான நாப்போலிக்கு அதன் முதல் லீக் பட்டம். வடக்கு இத்தாலி இளக்காரமாகப் பார்த்த ஊர் அது. அந்த ஊர் அவரைச் சாமியாக்கியது. வீட்டுச் சுவர்களில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அவர் படம்.

அந்தச் சாமியின் ஒரு வாரம் எப்படி இருந்தது? ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். முடிந்ததும் இரவு விருந்து. அங்கிருந்து புதன்கிழமை வரை கோகெய்ன். வியாழக்கிழமை காலையில் பயிற்சி மைதானத்துக்கு வந்து, உடம்பில் இருப்பதெல்லாம் வெளியேறும்வரை வேர்க்க வேர்க்க ஓட்டம். வெள்ளி, சனி அதே. ஞாயிறு மறுபடி ஆட்டம், மறுபடி கோல், மறுபடி ஜனங்களின் கூச்சல். வருஷக்கணக்கில் இப்படி. கோகெய்ன் என்ன செய்கிறதென்றால், மூளையில் சந்தோஷத்துக்கான டோபமைன் சுரந்தபின் அது திரும்ப உறிஞ்சப்படாமல் தடுத்துவிடுகிறது. ஒரு கோலுக்குக் கிடைக்கிற சந்தோஷம் அப்புறம் போதாமல் போய்விடுகிறது. அதே நேரம் இதயத்தின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, துடிப்பு எகிறுகிறது. அந்த இதயத்தோடுதான் வியாழக்கிழமை அவர் ஓடினார்.

ஊருக்குத் தெரியாதா? தெரியும். நேபிள்ஸின் ஃபோர்செல்லா பகுதியை ஆட்டிவைத்த, காமோரா என்ற மாஃபியாக் கும்பலின் ஜூலியானோ சகோதரர்களோடு அவர் சிரித்துக்கொண்டு நிற்கும் படங்கள் வெளிவந்தன. நாப்போலி கிளப்பின் அன்றைய தலைவர் ஃபெர்லைனோ, பல வருஷம் கழித்து, சோதனையில் மாட்டாமலிருக்க வேறொருவரின் சிறுநீரைக் கொடுக்க ஏற்பாடு இருந்தது என்று ஒப்புக்கொண்டார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பாட்டிலை ஏற்பாடு செய்தவர்களுக்கு அவர் நோயாளி என்பது தெரியும். மருத்துவரிடம் அழைத்துப்போனால் ஆட்டம் போய்விடும். ஆட்டம் வேண்டும், அதனால் பாட்டில்.

அவருடைய உடற்பயிற்சியாளர் சிக்னோரினி ஒன்று சொல்வார். டியேகோ என்றொருவன் இருந்தான், மரடோனா என்றொருவன் இருந்தான்; டியேகோவோடு உலகத்தின் கடைசி வரை போவேன், மரடோனாவோடு ஒரு அடிகூட எடுத்துவைக்க மாட்டேன் என்று. அதை மரடோனாவிடமே சொன்னாராம். எல்லோரும் மரடோனாவோடு நடந்தார்கள். ஃபியோரிட்டோவிலிருந்து வந்த டியேகோவோடு நடக்க ஆள் குறைவு.

1990 உலகக் கோப்பை அரையிறுதி, அதுவும் நேபிள்ஸிலேயே, அர்ஜென்டினா பெனால்டியில் இத்தாலியை வெளியேற்றியது. அதோடு இத்தாலியில் அவருக்கு இருந்த பாதுகாப்பு போயிற்று. 1991 மார்ச் 17-ஆம் தேதி பாரி அணியோடு ஆட்டம். சோதனையில் கோகெய்ன். பதினைந்து மாதத் தடை. ஏழு வருஷம் இல்லாத கண்டிப்பு அந்த ஒரு நாளில் வந்துவிட்டது. அவரை வரவேற்க எழுபதாயிரம் பேர் வந்த ஊரைவிட்டு யாரும் வழியனுப்பாமல் கிளம்பினார்.

இந்த இடத்தில், இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆர்செனல் அணியின் பால் மெர்சன் 1994 நவம்பரில், தான் கோகெய்னுக்கும் குடிக்கும் சூதாட்டத்துக்கும் அடிமை என்று தானே முன்வந்து சொன்னார். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பியது. சிகிச்சை முடித்து வந்தவர் செய்தியாளர்கள் முன்னால் உட்கார்ந்து அழுதார், பிப்ரவரியில் மைதானத்துக்குத் திரும்பினார். அவருடைய கேப்டன் டோனி ஆடம்ஸ் 1996-இல் தன் குடிநோயை அணியினரிடம் சொல்லி, குடியை விட்டு, 2000-இல் விளையாட்டு வீரர்களுக்கென்றே ஒரு மறுவாழ்வு மையம் தொடங்கினார். மெர்சன் அதற்குப் பிறகும் குடியிலும் சூதாட்டத்திலும் விழுந்தார், எழுந்தார். அதையும் மறைக்காமல் பேசுகிறார். சிகிச்சை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. விழுகிறவனுக்குத் திரும்பிப் போக ஒரு வாசல் திறந்திருந்தது என்கிறேன்.

மரடோனாவுக்கு என்ன நடந்தது? 1994 உலகக் கோப்பை, ஜூன் 25, பாஸ்டன் பக்கத்தில் நைஜீரியாவோடு ஆட்டம் முடிந்த நேரம். அந்தக் காட்சி இன்றும் காணக் கிடைக்கிறது, பாருங்கள். வெள்ளை உடையில் ஒரு பெண் மைதானத்துக்குள் வருகிறார். மரடோனா அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். திருவிழாவுக்குப் போகிற பிள்ளை மாதிரி நடந்து போகிறார். போவது சோதனை அறைக்கு. முடிவு வந்தபோது எஃபெட்ரின் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து. மறுபடி பதினைந்து மாதம். "என் காலை வெட்டிவிட்டார்கள்" என்றார். எஃபெட்ரின் வந்த விதத்தைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள், அந்த விவாதத்துக்குள் போகவில்லை. அந்தக் கையைப் பிடித்த சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

1997-இல் மூன்றாவது முறை சோதனையில் மாட்டினார். அந்த வருஷம் தன் பிறந்தநாளன்று ஓய்வை அறிவித்தார். 2000 ஜனவரியில் உருகுவேயில் விடுமுறையின்போது இதயம் நிலைகுலைந்தது. கியூபாவுக்குப் போனார், ஹவானாவில் சிகிச்சை. ஃபிடல் காஸ்ட்ரோ தனக்கு இன்னொரு தகப்பன் என்றே சொல்லுவார். அங்கேயும் ஒரேயடியாக விட முடியவில்லை.

நடுவில் 2001 நவம்பர் 10. அவருடைய வழியனுப்பு ஆட்டம், போகா ஜூனியர்ஸ் மைதானத்தில். மைக்கைப் பிடித்து, அழுதுகொண்டே சொன்னார். ஒருவன் தப்பு செய்ததற்காகக் கால்பந்து விலை கொடுக்கக் கூடாது. "நான் தப்பு செய்தேன், விலை கொடுத்தேன். ஆனால் பந்தில் கறை படியாது." லா பெலோத்தா நோ சே மன்ச்சா. அர்ஜென்டினாவில் அது இன்றைக்குப் பழமொழி மாதிரி. இன்னொரு முறை ஒரு ஆவணப்படத்தில் கேட்டார்: "கோகெய்ன் எடுக்காமல் இருந்திருந்தால் நான் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனாக இருந்திருப்பேன், தெரியுமா?" போதைதான் அவரை அப்படி ஆடவைத்தது என்று இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். தம்பிகளா, இந்தக் கேள்வியை அவர் குரலிலேயே கேளுங்கள்.

2004 ஏப்ரலில் மறுபடி தீவிர சிகிச்சைப் பிரிவு. மருத்துவமனை வாசலில் படங்களோடும் மெழுகுவர்த்தியோடும் ஜனங்கள். அங்கிருந்துதான் திரும்பினார். மறுவருஷம் கொலம்பியாவில் இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்து உடம்பைக் குறைத்தார், தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தினார். கோகெய்ன் போனது, குடி பிடித்துக்கொண்டது. 2007-இல் கல்லீரல் கெட்டு மருத்துவமனை, பிறகு மனநலச் சிகிச்சை. ஒரு பழக்கம் போன இடத்தில் இன்னொன்று வந்து உட்காருவது எங்களுக்கு அன்றாடக் கதை. வெளியே வந்தவர், இரண்டரை வருஷமாகப் போதைப்பொருளைத் தொடவில்லை என்று சொன்னார். இரண்டரை வருஷம் என்று எண்ணிச் சொன்னார், கவனித்தீர்களா? மீள்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் எண்ணுவார்கள். அடுத்த வருஷமே தன் நாட்டு அணிக்குப் பயிற்சியாளரானார், 2010 உலகக் கோப்பைக்கு அழைத்துப் போனார்.

2020 நவம்பர் 25-ஆம் தேதி, அறுபது வயதில், டீக்ரே என்ற இடத்தில் ஒரு வாடகை வீட்டில் இறந்தார். தலையில் ரத்தக்கட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரம்தான். இதய செயலிழப்பு. இதயத்தின் எடை 503 கிராம், இயல்பானதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவக் குழுவின்மீது வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது.

அன்று நம் பக்கத்திலும் பேசிக்கொண்டார்கள், "போதைதானே கொன்னுச்சு" என்று. பழைய போதை அந்த இதயத்தைக் கெடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் வந்த ரத்தப் பரிசோதனை முடிவை யாரும் பேசவில்லை. மருத்துவர்கள் கொடுத்த மனநல மாத்திரைகள் ரத்தத்தில் இருந்தன. கோகெய்ன் இல்லை. மது இல்லை.

அவர் சொன்ன கணக்குப்படி கோகெய்ன் தொடாத பதினாறு வருஷம். எங்கள் மையத்தில் ஒருவருக்கு ஒரு வருஷம் முடிந்தால் வட்டமாக உட்கார்ந்திருக்கிற எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவோம். வீட்டு ஆட்களும் எழுந்து நிற்பார்கள். இந்த அரங்கிலும் அப்படி எண்ணிக்கொண்டிருக்கிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்காகவும், டியேகோவுக்காகவும், ஒரு நிமிஷம் எழுந்து நிற்போமா?