பிடிக்கவும் வேண்டும், நழுவவும் வேண்டும்: கப்பல் வின்ச் பிரேக்குகளின் சோதனை

நேயர்களுக்கு வணக்கம். துறைமுகத்தில் நிற்கும் கப்பலைக் கரையோடு பிணைத்து வைத்திருப்பவை அதன் வடங்கள். வடத்தின் ஒரு முனை கரையில் மாட்டப்பட்டிருக்க, மறுமுனை கப்பலின் மேல்தளத்தில், வடத்தைச் சுற்றி இழுக்கும் இயந்திரமான வின்ச்சின் உருளையில், அதாவது டிரம்மில், சுற்றப்பட்டிருக்கும். கப்பலைக் கரையோடு கட்டி முடித்ததும் மாலுமிகள் பிரேக்கை இறுக்கி, டிரம்மை மோட்டாரோடு இணைக்கும் கிளட்சை விடுவித்துவிடுவார்கள். ஆகவே, அதன் பிறகு அந்த வடத்தின் இழுவிசை முழுவதையும் தாங்குவது மோட்டாரோ பற்சக்கரங்களோ அல்ல. டிரம்மின் விளிம்பைச் சுற்றி இறுகியிருக்கும் பட்டை பிரேக்தான்.

பிரேக்கை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்ற எண்ணம் கப்பல்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. கைச்சக்கரத்தில் இரும்புக் குழாயைச் செருகி, இருவர் சேர்ந்து இறுக்கும் பழக்கமும் அதிலிருந்து வந்ததுதான். இது ஆபத்தானது. அருகில் ஒரு பெரிய கப்பல் கடந்து செல்லும்போதோ, துறைமுகத்துக்குள் அலையேற்றம் புகும்போதோ ஒரு வடத்தின் மீது விசை திடீரென ஏறும். அப்போது பிரேக் சற்று நழுவினால் வடம் கொஞ்சம் வெளியேறும், பாரம் மற்ற வடங்களுக்குப் பகிரப்படும், மாலுமிகளும் மீண்டும் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். நழுவாத பிரேக்கோ வடத்தை அறுபடச் செய்துவிடும். அறுந்த வடம் என்ன செய்யும் என்பதற்கு, 2015 மார்ச்சில் வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவனில் உள்ள சவுத் ஹூக் எரிவாயு முனையத்தில் ‘ஸார்கா’ என்ற கப்பலில் நடந்ததைச் சொல்லலாம். காரணம் பிரேக் அல்ல என்றாலும், அறுந்து பின்னோக்கிச் சீறிய வடம் தாக்கி, தளத்தில் நின்ற அதிகாரி ஒருவர் தலையில் பலத்த காயமடைந்தார்.

அப்படியானால் எந்த அளவில் நழுவ வேண்டும்? எண்ணெய் நிறுவனங்களின் சர்வதேசக் கடல்சார் மன்றம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியின் நான்காம் பதிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. கப்பலின் வடிவமைப்பில் கணக்கிடப்பட்ட அறுவிசையில், அதாவது வடம் அறுபடும் விசையில், 80 சதவீதத்தைத் தாங்கும் திறன் பிரேக்குக்கு இருக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் அது 60 சதவீதத்தில் நழுவும்படி அமைக்கப்பட வேண்டும். இங்கே அடிப்படை கப்பலின் வடிவமைப்பு அளவே தவிர, கடையில் புதிதாக வாங்கிய வடத்தின் பலம் அல்ல. வலுவான வடம் வந்துவிட்டதே என்று பிரேக்கைக் கூட்டி இறுக்குபவர், அந்தக் கூடுதல் விசையைத் தளத்தில் வின்ச்சைத் தாங்கும் அடித்தளத்தின் மீது ஏற்றுகிறார்.

சோதனைமுறை கடினமானதல்ல. டிரம்மின் பக்கத் தகட்டில் ஒரு நெம்புகோல் சட்டத்தைப் போல்ட் கொண்டு பொருத்தி, அதற்கும் வின்ச்சின் அடித்தளத்துக்கும் இடையே ஹைட்ராலிக் ஜாக் வைக்கப்படும். கப்பலின் அறுவிசை 80 டன் என்று வைத்துக்கொண்டால், பிரேக் 48 டன்னில் நழுவ வேண்டும். டிரம்மின் மையத்திலிருந்து வடத்தின் முதல் சுற்று வரை 30 சென்டிமீட்டர், ஜாக் தள்ளும் இடம் வரை 90 சென்டிமீட்டர் என்றால், ஜாக்கின் விசை மூன்றில் ஒரு பங்கு, அதாவது 16 டன் ஆகும்போது டிரம் மெல்ல அசைய வேண்டும். கிளட்ச் விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். ஜாக் தள்ளும் திசையும் வடம் இழுக்கும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னதாக நழுவினால் இறுக்கத்தைக் கூட்டியும், தாமதமாக நழுவினால் குறைத்தும் மீண்டும் சோதித்து, சரியான இறுக்கத்தை, திருகும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சின் அளவாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இச்சோதனை ஆண்டுக்கு ஒருமுறையும், பட்டையின் உட்புறத்தில் உராயும் லைனிங்கை மாற்றிய பின்னரும், பிரேக் எதிர்பாராமல் நழுவிய பின்னரும் தேவை.

சோதனைக்கு முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பல நாள் ஓடாத டிரம்மில் துருவும் ஈரமும் படிந்திருக்கும். பிரேக்கை லேசாக இறுக்கிச் சிறிது நேரம் ஓடவிட்டால் அவை நீங்கும். எண்ணெய் ஊறிய லைனிங்கை மாற்றுவதே சரி. உப்பேறி இறுகிப்போன ஊசிகளும் திருகுகளும் இன்னும் நயமாக ஏமாற்றுபவை: டார்க் ரெஞ்சு சரியான அளவைக் காட்டும், ஆனால் அந்த விசை பட்டையைச் சென்றடைந்திருக்காது.

வடம் சுற்றப்படும் விதமும் இதில் அடங்கும். பட்டை பிரேக் ஒரு திசையில் மட்டுமே முழுப் பலத்தோடு பிடிக்கும். வடத்தைத் தலைகீழாகச் சுற்றிவிட்டால் அந்தப் பிடி பாதி வரை குறையக்கூடும். சேமிப்புப் பகுதி, இழுவைப் பகுதி என இரண்டாகப் பிரிக்கப்பட்ட டிரம்மின் இழுவைப் பகுதியில் ஒரே அடுக்கு வடம்தான் இருக்க வேண்டும் என்பதும் பிடி குறையாமல் இருக்கத்தான். இரண்டாம் அடுக்கு ஏறினால் ஆரம் கூடி, தாங்கும் விசை குறையும்.

2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின் திருத்தத்தின்படி, கப்பலைக் கரையோடு கட்டும் சாதனங்களையும் வடங்களையும் ஆய்வு செய்து பராமரிப்பது பழைய கப்பல்களுக்கும் கட்டாயமாகியுள்ளது. எனவே எண்ணெய்க் கப்பல்களில் வழக்கமாகிவிட்ட இந்தச் சோதனையை, சிறிய சரக்குக் கப்பல்களை நடத்துவோரும் பழகிக்கொள்வது நல்லது. சோதனை நாளும் இறுக்க அளவும் ஒவ்வொரு வின்ச்சின் பக்கத்திலும் தெரியும்படி எழுதப்பட்டு, அந்த அளவை வைக்கும் ரெஞ்சும் அங்கேயே எட்டும் இடத்தில் தொங்கவிடப்பட்டிருக்க வேண்டும். இரவு மழையில் கப்பலைக் கட்டுபவர் அதைத் தேடிக் கிடங்குக்குப் போகமாட்டார். நன்றி, வணக்கம்.