அங்கோர் வாட்டுக்கு முதலில் இணையத்தில் போய் வாருங்கள்

வணக்கம், நேயர்களே. வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன் இணையத்தில் இடங்களைப் பார்த்துவைப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஒரே ஓர் ஊரை வைத்துச் சொல்கிறேன்: கம்போடியாவின் சியெம் ரீப், அதன் பக்கத்தில் இருக்கும் அங்கோர் வாட். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய கோயில். பிறகு பௌத்தத் தலமானது.

"எல்லாவற்றையும் முன்பே பார்த்துவிட்டால் நேரில் பார்க்க என்ன இருக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒன்றும் தெரியாமல் போய் நிற்பவருக்குத்தான் அங்கே பாதி கண்ணில் படாமல் போகிறது.

அங்கோர் வாட்டின் வெளித் தாழ்வாரச் சுவரெல்லாம் புடைப்புச் சிற்பங்கள். கோயில் என்றால் நம் கால்கள் தானாக இடப்பக்கம் திரும்பி வலம்வரத் தொடங்கிவிடும். அங்கே கதை ஓடும் திசை நேர் எதிர். மேற்கு வாசலில் நுழைந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். முதலில் குருட்சேத்திரப் போர். தெற்கே திரும்பினால் சூரியவர்மனின் படை ஊர்வலம், அதை அடுத்து சொர்க்கமும் நரகமும். கிழக்குச் சுவரில் பாற்கடல் கடையும் காட்சி. முழுக்கச் சுற்றி மறுபடி மேற்கே வந்தால் இலங்கைப் போர்.

அந்தப் பாற்கடல் காட்சி மட்டும் 49 மீட்டர் நீளம். ஒரு பக்கம் அசுரர்கள், மறுபக்கம் தேவர்கள், நடுவில் திருமால், அவருக்குக் கீழே ஆமை. வாசுகியின் வால் பக்கம் ஒரு வானர உருவம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அடியில் நீந்தும் மீன்களைக் கவனியுங்கள். மத்தை நெருங்க நெருங்க அவை துண்டு துண்டாகிக் கிடக்கும். கடல் எவ்வளவு வேகமாகக் கலங்குகிறது என்பதை அந்தச் சிற்பி மீன்களை வைத்துச் சொல்லியிருக்கிறான்! வழிகாட்டி அவசரப்படுத்தும் பத்து நிமிடத்தில் இதெல்லாம் பிடிபடாது. வீட்டில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனால், அங்கே நேராக அந்த இடத்துக்கே போய் நிற்கலாம்.

2014-லிருந்து கூகுள் மேப்பின் ஸ்ட்ரீட் வியூவில் அங்கோர் கோயில்களைச் சுற்றிப் பார்க்க முடிகிறது. அகழியைத் தாண்டும் பாதை எவ்வளவு நீளம், நிழல் எங்கே இருக்கிறது, படி எவ்வளவு செங்குத்து என்பதையெல்லாம் அதில் பார்த்துக்கொள்ளுங்கள். அழகழகான விடியற்காலைப் படங்களில் இது எதுவும் இருக்காது. அந்தப் படங்களை எடுக்கிற குளக்கரையில் எத்தனை பேர் முண்டியடிக்கிறார்கள் என்பதும் இருக்காது. அதற்குச் சாதாரணப் பயணிகள் அண்மையில் போட்ட வீடியோக்கள்தான் நம்பகம்.

அண்மையில் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சியெம் ரீப்புக்கு 2023 அக்டோபரில் புதிய விமான நிலையம் வந்துவிட்டது. பழையது ஊரை ஒட்டியே இருந்தது. புதியது சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி. பழைய பயணக் குறிப்புகளை நம்பி, "இறங்கியதும் ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடம்" என்று திட்டம் போட்டால் முதல் நாள் மாலையே கெட்டுவிடும். எதைப் படித்தாலும் முதலில் தேதியைப் பாருங்கள்.

விசா விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தேடலில் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் விளம்பரங்கள். அரசுத் தளம் போலவே தோற்றம், கட்டணம் மட்டும் கூடுதல். கம்போடிய அரசின் முகவரி ஜி-ஓ-வி புள்ளி கே-ஹெச் என்று முடியும். அதைப் பார்த்த பிறகே பாஸ்போர்ட் விவரம் கொடுங்கள். அங்கோர் கோயில்களுக்கான நுழைவுச் சீட்டை அங்கோர் என்டர்பிரைஸ் என்ற அமைப்பு வழங்குகிறது, அதன் தளத்திலேயே வாங்கலாம். 2017-இல் உயர்த்தியபோது ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62 டாலர் என்று வைத்தார்கள். சீட்டில் உங்கள் புகைப்படம் இருக்கும், அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

அப்புறம், உச்சி மாடம். அதற்குப் பாகன் என்று பெயர். பௌத்தர்களின் விரத நாட்களில் அதை மூடிவிடுவார்கள். அவை பௌர்ணமி, அமாவாசை, வளர்பிறை, தேய்பிறை அட்டமிகளை ஒட்டி வருபவை. நம் வீட்டு நாள்காட்டியைப் பார்த்தாலே தோராயமாகத் தெரிந்துவிடும். ஒரு நாள் முன்பின் ஆகலாம், ஆகவே பயணத் தேதியை முடிவுசெய்யும் முன் அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்த மாடத்துக்கு ஏறும் படி மிகச் செங்குத்து. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை விடுவதில்லை. அப்பா, அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் அந்தப் படியின் படத்தை முதலிலேயே அவர்களிடம் காட்டிவிடுங்கள். மூட்டுவலி என்றால் ஏற வேண்டாம், குறையொன்றும் இல்லை. நான் சொன்ன பாற்கடலும் குருட்சேத்திரமும் கீழ்த் தாழ்வாரத்தில்தான் இருக்கின்றன. மேலே போனவர்கள் இறங்கி வரும்வரை அவர்கள் அங்கே நிழலில், நிதானமாக, மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நன்றி, வணக்கம்.