வெட்டச் சொன்ன கால்களோடு ஒலிம்பிக் வரை: டைட்டானிக்கில் பிழைத்த ரிச்சர்ட் நாரிஸ் வில்லியம்ஸ்

[திரையில்: கார்பேத்தியா கப்பலின் கறுப்பு வெள்ளைப் படம்]

1912 ஏப்ரல் மாதம். டைட்டானிக்கில் பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டு கார்பேத்தியா என்ற கப்பல் நியூயார்க்குக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதில் 21 வயது இளைஞர் ஒருவர். அவர் கால்களைப் பார்த்த மருத்துவர், இரண்டையும் எடுத்துவிடுவதுதான் உயிருக்கு நல்லது என்கிறார். அந்த இளைஞர் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் எளிமையானது. அவர் டென்னிஸ் ஆடுகிறவர்.

பெயர் ரிச்சர்ட் நாரிஸ் வில்லியம்ஸ். டைட்டானிக் என்று பேச்செடுத்தாலே எல்லாக் கதையும் அந்த ஒரு இரவோடு முடிந்துவிடுகிறது. பிழைத்தவர்கள் அதற்கப்புறம் என்ன ஆனார்கள் என்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. இவர் அதற்கப்புறம் 56 வருடம் வாழ்ந்தார். இந்த வீடியோவில் நாம் பார்க்கப்போவது பெரும்பாலும் அந்த வருடங்களைத்தான். ஆனால் அந்தக் கால்களுக்கு என்ன ஆனது என்று தெரிய வேண்டுமே, அதனால் முதலில் கப்பலுக்குப் போய் வந்துவிடுவோம்.

[திரையில்: ஐரோப்பிய வரைபடம். ஜெனீவாவிலிருந்து ஷெர்பூர் வரை ஒரு கோடு]

வில்லியம்ஸ் பிறந்தது 1891இல், சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில். பெற்றோர் அமெரிக்கர்கள். அப்பா சார்லஸ் டுவேன் வில்லியம்ஸ் ஒரு வழக்கறிஞர். மகனுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்தவரும் அவரே. மகன் அமெரிக்காவில் சில போட்டிகளில் ஆடிவிட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும் என்பது திட்டம். ஏப்ரல் 10ஆம் தேதி மாலை, பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்தில் அப்பாவும் மகனும் டைட்டானிக்கின் முதல் வகுப்பில் ஏறினார்கள்.

ஏப்ரல் 14 இரவு 11.40க்குக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. வெளியே வந்த வில்லியம்ஸின் காதில், ஒரு அறைக்குள் மாட்டிக்கொண்டவர் கதவைத் தட்டும் சத்தம் விழுந்தது. கதவு திறக்கவில்லை. தோளால் முட்டி உடைத்து அவரை வெளியே விட்டார். அங்கே வந்த கப்பல் ஊழியர், நிறுவனத்தின் சொத்தைச் சேதப்படுத்தியதாகப் புகார் செய்வேன் என்று மிரட்டியதாகச் சொல்வார்கள். கப்பலே கடலுக்குள் போகப்போகிறது, அவர் ஒரு கதவுக்குக் கணக்குக் கேட்கிறார்! கொஞ்ச நேரம் கழித்து அப்பாவும் மகனும் மதுக்கூடத்துக்குப் போனால் அதுவும் மூடியிருந்தது. நேரம் கடந்துவிட்டது, திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா தன் காலிக் குடுவையை மகனிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் குடுவையைக் குடும்பத்தார் பத்திரமாகக் காப்பாற்றி வந்தார்கள்.

வெளியே குளிர் தாங்கவில்லை என்று இருவரும் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய் நின்ற இடத்திலேயே நிற்கும் சைக்கிளை மிதித்தார்கள். பிழைக்க ஓடுகிறவர்கள் செய்கிற காரியம் மாதிரி இது தெரியவில்லை, இல்லையா? அந்த நேரத்தில் நிறையப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். இவ்வளவு பெரிய கப்பல் மூழ்கும் என்று நம்ப மனம் வரவில்லை.

[திரையில்: டைட்டானிக்கின் மேல்தள வரைபடம். மடக்குப் படகு ஏ இருந்த இடத்தில் வட்டம்]

இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். வில்லியம்ஸின் கால்களுக்கு ஏன் அந்தக் கதி என்று புரிய ஒரு படகைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

டைட்டானிக்கில் மொத்தம் 20 உயிர்காப்புப் படகுகள். எல்லாவற்றிலும் நிரம்ப ஏற்றினாலும் 1,178 பேருக்குத்தான் இடம். கப்பலில் இருந்தவர்களோ சுமார் 2,200 பேர். இந்த 20 படகுகளில் 16 வழக்கமான மரப் படகுகள், 4 மடக்குப் படகுகள். மடக்குப் படகின் அடிப்பகுதி மரம், பக்கச் சுவர் கித்தான். கடலில் இறக்குவதற்கு முன் அந்தக் கித்தானைத் தூக்கி நிறுத்த வேண்டும். ஏ, பி என்ற இரண்டு மடக்குப் படகுகளை அதிகாரிகளின் அறைகளுக்கு மேலே, கூரையில் வைத்திருந்தார்கள். அங்கிருந்து கீழே கொண்டுவரச் சரியான வசதி கிடையாது. துடுப்புகளைச் சாய்த்து வைத்து, அதன் மேல் சறுக்கவிட்டுத்தான் இறக்கினார்கள். ஏ படகு தளத்துக்கு வந்து சேர்வதற்கும் கடல் தளத்துக்கு ஏறி வருவதற்கும் சரியாக இருந்தது. பக்கச் சுவரை நிறுத்த நேரமில்லை. படகு அப்படியே தண்ணீரில் மிதந்து போனது, உள்ளே தண்ணீரோடு.

அதே நிமிடங்களில் கப்பலின் முன்பக்கப் புகைபோக்கி சாய்ந்து விழுந்தது. பக்கத்திலேயே இருந்த அப்பா அதன் அடியில் போய்விட்டார். மகனுக்கும் அதற்கும் சில அடிதான் தூரம்.

வில்லியம்ஸ் நீந்தினார். கனமான ரோமக் கோட்டையும் காலணிகளையும் கழற்றிவிட்டு ஏ படகைப் பிடித்தார். முதலில் விளிம்பில் தொங்கிக்கொண்டு, அப்புறம் உள்ளே ஏறி நின்றார். முழங்கால் வரை தண்ணீர். கடல் நீரின் வெப்பநிலை சுமார் மைனஸ் 2 டிகிரி. உட்கார்ந்தால் இடுப்புக்கு மேலும் நனையும், அதனால் நின்றுகொண்டே இருக்க வேண்டும். தளர்ந்து விழுந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் அதிகாரி ஹெரால்டு லோ 14ஆம் எண் படகோடு வந்து அவர்களை மாற்றி ஏற்றியபோது ஏறக்குறைய ஒரு டஜன் பேர்தான் உயிரோடு மிஞ்சியிருந்தார்கள். அவர்களில் ஒரே ஒரு பெண், ரோடா அபட். தன் இரண்டு மகன்களோடு கடலில் விழுந்தவர், தனியாகக் கரை சேர்ந்தார்.

[திரையில்: காலின் இரத்தக் குழாய்களைக் காட்டும் படம்]

சரி, அந்தத் தண்ணீரில் காலுக்கு என்ன நடக்கிறது? தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். உடல் உடனே ஒரு முடிவெடுக்கிறது: இதயத்தையும் மூளையையும் காப்பாற்று, கைகால் அப்புறம். காலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. முதலில் வலி, பிறகு மரத்துப்போகும். மணிக்கணக்கில் அப்படியே இருந்தால் நரம்பும் சதையும் கெட ஆரம்பிக்கும். திரும்பச் சூடு வரும்போது கால் வீங்கும், நிறம் மாறும். எந்தச் சதை செத்தது, எது பிழைக்கும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது.

அந்த மருத்துவரை வில்லனாக்கிச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1912இல் ஆன்டிபயாட்டிக் கிடையாது. பென்சிலினைக் கண்டுபிடித்ததே 1928இல்தான். சதை அழுகி விஷம் உடம்பில் ஏறினால் ஆளே போய்விடுவார். அந்தக் காலத்துக்கு அது நியாயமான பயம்தான். இன்றைக்கு இப்படி ஒரு கால் வந்தால் மருத்துவர்கள் அவசரமாக வெட்டமாட்டார்கள், வாரக்கணக்கில் காத்திருந்து பார்ப்பார்கள்.

வில்லியம்ஸ் தேர்ந்தெடுத்த வைத்தியம் நடை. இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து கப்பல் தளத்தில் நடந்தார். ஏப்ரல் 18 இரவு கார்பேத்தியா நியூயார்க்கை அடையும் வரை இதுதான் வேலை. நடந்ததால்தான் கால் பிழைத்தது என்று கதையாகச் சொல்லிவிடலாம். ஆனால் இன்றைய மருத்துவர் யாரும் அந்த நிலையில் எழுந்து நடக்கச் சொல்லமாட்டார். சதைக்குள் உயிர் மிச்சமிருந்தது, அதை வெட்ட அவர் விடவில்லை. இந்த அளவுக்குத்தான் நான் நிச்சயமாகச் சொல்வேன்.

[திரையில்: அந்தக் காலப் புல்தரை டென்னிஸ், நீளக் கால்சட்டையில் ஆட்டக்காரர்கள்]

அதே வருடம் ஜூலை மாதம், மூன்று மாதம்கூட ஆகவில்லை, பாஸ்டன் அருகே லாங்வுட் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார். எதிரில் நின்றவர் கார்ல் பேர். அவரும் டைட்டானிக் பயணிதான்! தான் விரும்பிய ஹெலன் நியூசம் என்ற பெண்ணைத் தொடர்ந்து அந்தக் கப்பலில் ஏறியவர், அவரோடு 5ஆம் எண் படகில் தப்பினார், அடுத்த வருடம் அவரையே மணந்துகொண்டார். லாங்வுட்டில் வில்லியம்ஸ் முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டு, மீதி மூன்றையும் கோட்டைவிட்டுத் தோற்றார். அதே ஆண்டு மேரி பிரவுனோடு சேர்ந்து அமெரிக்கக் கலப்பு இரட்டையர் பட்டம்.

1914இல் நியூபோர்ட்டில் அமெரிக்க சாம்பியன்ஷிப். இன்று நாம் யுஎஸ் ஓபன் என்று சொல்லும் போட்டியின் பழைய வடிவம். கால் இறுதியில் மறுபடி கார்ல் பேர். இந்த முறை வில்லியம்ஸ் நேர் செட்டில் முடித்தார். இறுதிப் போட்டியில், முந்தைய வருடம் தன்னைத் தோற்கடித்த மாரிஸ் மெக்லாக்லினை 6-3, 8-6, 10-8 என்று வீழ்த்தினார். 1916இல் பில் ஜான்ஸ்டனோடு ஐந்து செட் போராடி இன்னொரு முறை பட்டம்.

அவர் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பந்து தரையில் பட்டு எழும்போதே, முழு உயரத்துக்கு வருவதற்கு முன்பே, உள்ளே புகுந்து அடிப்பார். பின்னால் நின்று பாதுகாப்பாக ஆடும் பழக்கம் இல்லை. அடி விழுந்தால் எதிராளி திணறுவார், தப்பினால் புள்ளி போனது போனதுதான். இப்படி ஆட முதலில் வேண்டியது கால்தான். எந்த நொடியில் எங்கே நிற்க வேண்டும் என்று பாதம் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும்.

நடுவில் முதல் உலகப் போர் வந்தது. பிரான்சில் அமெரிக்கப் படையில் பணியாற்றி குவா டி கேர், லெஜியன் ஆஃப் ஹானர் என்ற பிரெஞ்சு விருதுகளைப் பெற்றார். திரும்பி வந்து 1920இல் சக் கார்லண்டோடு விம்பிள்டன் இரட்டையர் பட்டம்.

[திரையில்: 1924 பாரிஸ் ஒலிம்பிக் மைதானம்]

1924, பாரிஸ் ஒலிம்பிக். வயது 33. கலப்பு இரட்டையரில் ஜோடி ஹேசல் வைட்மன். போட்டிகளுக்கு நடுவே வில்லியம்ஸுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. விலகிவிடலாம் என்று அவர் நினைக்க, வைட்மன் விடவில்லை. நீங்கள் வலைக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள், மற்றதை நான் ஓடிப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இறுதிப் போட்டியில் 6-2, 6-3. தங்கப் பதக்கம்.

இந்த இடத்தில் அப்பாவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கப்பல் ஏறுவதற்கு முன்பே டுவேன் வில்லியம்ஸுக்கு ஒரு யோசனை இருந்தது. ஒவ்வொரு நாடும் தனித்தனியாக டென்னிஸ் நடத்துகிறதே, எல்லாருக்கும் பொதுவாக ஒரு அமைப்பு வேண்டாமா என்று. அவர் இறந்து ஒரு வருடம் முடிவதற்குள், 1913 மார்ச் 1ஆம் தேதி, பாரிஸில் 12 நாட்டுச் சங்கங்கள் கூடி சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தைத் தொடங்கின. இன்று ஐடிஎஃப் என்று சொல்கிறோமே, அதேதான். யோசனையைத் தந்தவர் டுவேன் வில்லியம்ஸ் என்று அந்த அமைப்பின் வரலாறே சொல்கிறது.

இந்தச் சம்மேளனத்துக்கும் ஒலிம்பிக் குழுவுக்கும், யார் தொழில்முறை ஆட்டக்காரர், யார் இல்லை என்பது போன்ற விஷயங்களில் ஒத்துப்போகவில்லை. 1924க்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்து டென்னிஸ் நீக்கப்பட்டது. பதக்கப் போட்டியாகத் திரும்பி வந்தது 1988இல், சியோலில். கலப்பு இரட்டையர் அப்போதும் வரவில்லை.

வில்லியம்ஸ் பிலடெல்பியாவில் முதலீட்டு வங்கித் தொழில் பார்த்தார். பென்சில்வேனியா வரலாற்றுக் கழகத்தின் தலைவராக 20 வருடங்களுக்கும் மேல் இருந்தார். 1957இல் டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். 1968 ஜூன் 2ஆம் தேதி, 77 வயதில், நடப்பு ஒலிம்பிக் கலப்பு இரட்டையர் சாம்பியனாகவே இறந்தார். அப்பா விதைத்த அமைப்பு போட்ட சண்டையால், மகனிடமிருந்து அந்தப் பட்டத்தைப் பறிக்க யாருக்கும் வாய்ப்பே வரவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெலாரஸின் விக்டோரியா அசரென்காவும் மேக்ஸ் மிர்னியும் வந்துதான், 88 வருடம் கழித்து, அதை வாங்கினார்கள்.