பொக்கணையும் பள்ளமும்

அவையோருக்கு வணக்கம். 2024 ஆகஸ்ட் 23 அன்று கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை இடிந்து, நடந்துசென்ற இந்தியச் சுற்றுலாப் பயணி ஒருவர் உள்ளே விழுந்து காணாமற்போனபோது, தமிழில் அதைச் சிலர் ‘புதைகுழி’ என்றும், சிலர் ‘நில அமிழ்வு’ என்றும், வேறு சிலர் ‘ராட்சதப் பள்ளம்’ என்றும் எழுதினார்கள். புதைகுழி என்றதும் நம் நினைவுக்கு வருவது காலை உள்ளிழுக்கும் சேறு, அல்லது பிணத்தை இடும் குழி. அமிழ்வு என்பதோ மெல்ல மெல்லத் தாழ்வது. கண்ணிமைக்கும் நேரத்தில் வாய்பிளக்கும் குழிக்கு இரண்டும் ஒட்டவில்லை.

இத்தகைய குழிக்கு வழங்கும் ‘சிங்க்ஹோல்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அப்படியொன்றும் துல்லியமானதன்று. 15ஆம் நூற்றாண்டில் ‘சிங்க்ஹோல்’ என்றால் கழிவுநீர் இறங்கும் குழி. நம் கொல்லைப்புறத்து உறிஞ்சுகுழிக்கு உறவுக்காரன். நிலவியலார் அதைக் கையில் எடுத்தது பிற்பாடுதான். கணினிப் பாதுகாப்புத் துறையினர் தீய நிரல்களின் போக்குவரத்தைத் திசைதிருப்பி இறக்கிவிடும் சேவையகத்தையும் இன்று அப்பெயராலேயே அழைக்கிறார்கள். பழைய சாக்கடைப் பொருள் அங்கேதான் பத்திரமாக இருக்கிறது.

நிலவியலார் முதன்மையாகச் சொல்லும் குழி, பாறை கரைவதால் உண்டாவது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று வீரியம் குறைந்த அமிலமாகி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்குகிறது. அக்கல்லின் துண்டொன்றின்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, காதருகே வைத்துப் பாருங்கள். பொடிநுரை கிளம்பும், மெல்லிய ‘சுர்’ ஓசையும் கேட்கும். அதே வேலை ஆயிரமாயிரம் ஆண்டுகள் நடந்தால் அடியில் குகை உண்டாகிறது. குகையை நிரப்பிக் கூரைக்கு முட்டுக்கொடுத்து நின்ற நிலத்தடி நீரின் மட்டம் தாழ்ந்தால், கூரை தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமல் விழுகிறது.

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் இத்தகைய சுண்ணாம்புக்கல்மேல் அமர்ந்திருப்பது. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக, இராமன் அம்பெய்து உண்டாக்கியது என்ற கதையோடு நிற்கும் நிலாவரைக் கிணறு அவ்வாறு திறந்த குழிதான். ஊரெழுவில் உள்ள இன்னொன்றை மக்கள் ‘பொக்கணை’ என்கிறார்கள். மரப்பொந்தையும் கல்லில் உள்ள குழிவையும் குறித்த பழைய சொல் அது. கலைச்சொல் ஆக்குவோர் அந்த ஊர்ப்பக்கம் ஒருமுறை போய்வந்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

ஆனால் எல்லாக் குழியும் பொக்கணை ஆகிவிடாது. 2010 மே மாத இறுதியில் குவாத்தமாலா நகரில் ஏறத்தாழ 20 மீட்டர் அகலமும் 90 மீட்டர் ஆழமும் கொண்ட குழி, மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை விழுங்கியது. அதன் அடியில் இருந்தது சுண்ணாம்புக்கல் அன்று. எரிமலை உமிழ்ந்த, உதிரும் நுரைக்கல் படிவம். கசிந்த கழிவுநீர்க் குழாயும் அகத்தா புயலின் மழையும் சேர்ந்து அதை அரித்துக் கொண்டுபோயின. அதைச் ‘சிங்க்ஹோல்’ என்று அழைப்பதற்கே நிலவியலார் ஒருவர் மறுப்புத் தெரிவித்தார்; அச்சொல் முற்றிலும் இயற்கையான நிகழ்வு என்ற எண்ணத்தைத் தரும் என்பது அவர் வாதம். நான் அவர் பக்கம். பாறை கரைந்து திறந்ததைப் பொக்கணை என்போம். குழாய் கசிந்து திறந்ததை ‘அரிப்புப் பள்ளம்’ என்றே எழுதுவோம். அப்போதாவது, அரித்தது யாருடைய குழாய் என்று அடுத்த வரியில் கேட்க இடமிருக்கும்.