டயர் வாங்கி அடுக்குவதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். கார் ஷோரூம் நடத்துகிறவர்கள், அங்கே ஸ்பேர் பார்ட்ஸும் சர்வீஸும் பார்க்கிறவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். கார் வைத்திருக்கிற மற்றவர்களும் தாராளமாகக் கேட்கலாம். எங்கள் பக்கத்துக் கணக்கு தெரிந்துவிட்டால் பேரம் பேச உங்களுக்குத்தான் வசதி.

நம் திருநெல்வேலிப் பக்கத்து ஷோரூம்களில் டயர் வியாபாரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆயில் மாற்ற வருகிறவர் டயர் என்றதும், "என்ன அண்ணாச்சி, வண்ணாரப்பேட்டையில ஒரு டயருக்கு முந்நூறு ரூவா கம்மியா தாராம்லா?" என்பார். மேனேஜர் ஒன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், இல்லையென்றால் அந்த இடத்திலேயே விலையைக் குறைப்பார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். டயர் கடைக்காரர் எல்லாக் கம்பெனிக் காருக்கும் விற்கிறார், மொத்தமாக எடுக்கிறார், அவருக்குச் சரக்கு சீக்கிரம் ஓடுகிறது. நாம் அவரோடு விலையில் மோதி ஜெயிக்கப் போவதில்லை. நம்மிடம் அவருக்கு இல்லாத ஒன்று இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கணக்கு. வரி நீங்கலாக 4,000 ரூபாய்க்கு ஒரு டயர் வாங்கி 4,400 என்று விலை வைக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 10 சதவீத லாபம் என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் விற்ற விலையில் பார்த்தால் அது 9 சதவீதம்தான். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் கவுண்டரில் இருக்கிற பையன் தெரிந்தவர் ஒருவருக்கு 10 சதவீதம் தள்ளுபடி போட்டு, "அடக்கத்துக்கே கொடுத்துட்டேன்" என்று பெருமையாகச் சொல்லும்போது பாருங்கள், 4,400இல் 10 சதவீதம் 440, அதாவது கையிலிருந்து 40 ரூபாய் போட்டு அனுப்பியிருக்கிறான்.

அது தெரிந்து போகிற காசு. தெரியாமல் போகிறது வட்டி. ஷோரூம்காரர்கள் பெரும்பாலும் பேங்க் ஓடியில்தான், அதாவது ஓவர்டிராஃப்ட் கடனில்தான், சரக்கு எடுக்கிறோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தால்கூட, அந்த 4,000 ரூபாய் டயர் ரேக்கில் ஒரு மாதம் நின்றால் 40 ரூபாய். பத்து மாதம் நின்றால் 400, லாபம் முழுக்கக் காலி. இதில் இடத்து வாடகை சேரவில்லை, இன்சூரன்ஸ் சேரவில்லை, ஸ்டோர் பார்க்கிறவர் சம்பளம் சேரவில்லை. ஒரு டயரின் விலை அது வந்த பில்லில் எழுதியிருக்கிறது என்று நினைக்கிறோம், ஆனால் அது நம்மிடம் எத்தனை நாள் நிற்கிறது என்பதில்தான் பாதி விலை இருக்கிறது.

2025 செப்டம்பர் 22ஆம் தேதி கார் டயருக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது நினைவிருக்கும். நம் 4,400 ரூபாய் டயர் முந்தின நாள் வரியோடு 5,632, மறுநாள் 5,192. வாங்கும்போது 28 சதவீதத்தில் 1,120 ரூபாய் வரி கட்டியாகிவிட்டது, விற்கும்போது 18 சதவீதத்தில் வசூலித்தது 792. மீதி 328 ரூபாய் நஷ்டமில்லை, கிரெடிட் கணக்கில் நிற்கும், பிறகு கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை அது நம் கைக்கு வராத பணம். ரேக்கில் இருபது டயர் வைத்திருந்தவர் இதைக் கவனித்திருக்கவே மாட்டார், இருநூறு வைத்திருந்தவர் ஆடிட்டருக்குப் போன் போட்டார்.

காலாண்டுக் கடைசியில் டயர் கம்பெனி ஆள் வருவார். "இன்னும் கொஞ்சம் எடுத்தா டார்கெட் முடிஞ்சிரும், அந்தச் சரக்குக்கு மூணு பர்சன்ட் கழிவு கிரெடிட் நோட்டா வந்துரும்" என்பார். நல்ல மனிதர்தான், அவருக்கும் டார்கெட் இருக்கிறது. ஆனால் அந்தக் கூடுதல் சரக்கு விற்க நான்கு மாதம் ஆனால் வட்டி மட்டும் நான்கு சதவீதம். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

சரி, அப்படியானால் எதைத்தான் வைப்பது? ஒரு ஷோரூம் விற்பது ஒரே கம்பெனி வண்டி. மாருதி என்றால் ஸ்விஃப்ட், டிசையருக்கு 165/80 ஆர்14, மேல் மாடலுக்கும் எர்டிகாவுக்கும் 185/65 ஆர்15, இப்படி நாலைந்து சைஸில் பெரும்பகுதி அடங்கிவிடும். அதை மட்டும் ஜோடி ஜோடியாக வைத்தால் போதும். ஒற்றை டயர்தான் பெரிய தொல்லை. யாரோ ஒருவருக்கு டயரின் பக்கச் சுவர் கிழிந்து ஒன்று மாற்றிக் கொடுத்திருப்போம், மீதி ஒன்று மூலையில் நிற்கும், அடுத்து வருகிறவர் இரண்டையும் ஒரே வாரத்துத் தயாரிப்பாகக் கேட்பார். அவர் கேட்பதிலும் தப்பில்லை. மற்ற சைஸ்களை மதுரையிலிருந்து எடுக்கலாம். இருப்பு இருந்து காலையில் சொன்னால் சாயங்காலம் பார்சல் வந்துவிடும், நூற்றறுபது கிலோமீட்டர் நால்வழிச் சாலைதானே.

நம்மிடம் மட்டும் இருக்கிற ஒன்று என்றேனே, அது ஜாப் கார்டு, ஒவ்வொரு சர்வீஸுக்கும் வண்டியைப் பற்றி எழுதுகிற அட்டை. வண்டியை விற்றதும் நாம், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று ஒவ்வொரு சர்வீஸிலும் எழுதி வைப்பதும் நாம். டயர் கடைக்காரருக்கு இது கிடைக்காது. சில நூறு ரூபாயில் டயர் பள்ளத்தின் ஆழத்தை அளக்கிற டிரெட் கேஜ் ஒன்று வாங்கி, சர்வீஸுக்கு வருகிற ஒவ்வொரு வண்டியிலும் நான்கு சக்கரத்தையும் அளந்து கார்டில் எழுதச் சொல்லுங்கள். புது டயரில் பட்டன், அதாவது அந்தப் பள்ளத்தின் ஆழம், ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும், சட்டப்படி 1.6க்குக் கீழே போகக் கூடாது. 3 மில்லிமீட்டர் வந்தவரைக் கூப்பிட்டு, "ஐயா, இந்த சர்வீஸ் தாங்கும், அடுத்த சர்வீஸுக்கு ரெண்டு டயர் போட வேண்டியிருக்கும், எந்தக் கம்பெனி வேணும்னு சொல்லிட்டீங்கன்னா வரவச்சு வைக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் பணம் ஒதுக்க நேரம் கிடைக்கிறது, டயரும் நம்மிடம் இரண்டு நாளுக்கு மேல் நிற்காது. அப்படி நிற்காத டயரில் லாபத்தைக் குறைத்து வைத்தாலும் கட்டுப்படியாகும். அந்த முந்நூறு ரூபாயில் பாதியையாவது அங்கேதான் குறைக்க முடியும்.

இது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை வேலைக்குச் சரளையில் ஓடுகிற ஜீப்புகளுக்கு டயர் தேய்ந்து போவதைவிடக் கிழிந்து போவதுதான் அதிகம், அதை அளந்து கண்டுபிடிக்க முடியாது. அந்த மாதிரி வாடிக்கை இருந்தால் அந்த சைஸில் ஒரு ஜோடி வைத்தே ஆக வேண்டும். ஆடி மாதம் புது வண்டி டெலிவரி குறைவு, அளக்க ஆட்களுக்கு நேரம் இருக்கும். அந்தக் கணக்கைப் பார்த்து ஐப்பசியில் ஆர்டர் போட்டால் மழைக்கும் சபரிமலை சீசனுக்கும் சரியாக இருக்கும்.

விலை சொல்லும்போது டயருக்குத் தனி, மாட்டத் தனி, வால்வுக்குத் தனி என்று பில்லில் ஒளித்து வைக்காதீர்கள். மாட்டி, பேலன்ஸ் செய்து, வரியோடு ஒரு சக்கரத்துக்கு இவ்வளவு, அலைன்மெண்ட் இவ்வளவு என்று போர்டில் எழுதிவிடுங்கள். பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் காட்டுங்கள், 2325 என்றால் 2025ஆம் வருடம் 23ஆவது வாரம். பழைய சரக்காக இருந்தால் தேதியைச் சொல்லியே விலையைக் குறைத்துத் தள்ளிவிடலாம், மறைத்து விற்றால் அடுத்த தெருப் பஞ்சர் கடையில் தெரிந்துவிடும். முதலில் வந்த டயர் முதலில் போகட்டும். கம்ப்ரஸர் மோட்டார், வெல்டிங் பக்கத்தில் அடுக்காதீர்கள், அங்கே வருகிற ஓசோன் வாயு ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும். நம் ஊர் வெயில் தகரக் கொட்டகைக்குள் செய்கிற வேலையை நான் சொல்ல வேண்டியதில்லை.

கழற்றிய பழைய டயரையும் சும்மா விடாதீர்கள். கஸ்டமர் எடுத்துப் போகவில்லை என்றால் அதற்கு என்ன கழித்தோம் என்று பில்லில் எழுதுங்கள். பின்பக்கம் குவித்து வைத்தால் மழையில் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு வளரும், சுகாதார ஆட்கள் வந்து அபராதம் போட்டால் அதுவும் டயர் கணக்கில்தான் சேரும். கொட்டகைக்குள் வையுங்கள், ஒரு லோடு ஆனதும் பழைய டயர் எடுக்கிறவருக்குப் போன் போட்டுவிடுங்கள். வணக்கம்.